கஸ்டம்ஸ் புரோக்கர் பில்லில் ரசீது இல்லாத ‘இதர செலவு’, டிராஃபிக் அபராதம், தீபாவளிப் பரிசு: எதை வருமான வரிச் சட்டம் 37(1)-ல் கழிக்கலாம்?

பாரிமுனை_லெட்ஜர்:

வணக்கம். மண்ணடியில் இருக்கும் ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனத்தின் 2024-25 கணக்கு. பேரிங், செயின், ஹார்டுவேர் சாமான் இறக்குமதி செய்து அம்பத்தூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்கு சப்ளை. டாக்ஸ் ஆடிட் உண்டு. கீழே இருப்பவற்றில் எதைச் செலவாக விடலாம், எதை வருமானத்தோடு திரும்பக் கூட்டிக் காட்ட வேண்டும் என்று தெரிய வேண்டும்.

கஸ்டம்ஸ் புரோக்கர் பில்லில் கன்டெய்னருக்கு 4,500 ரூபாய் ‘இதர செலவு’ என்று ஒரு வரி. ரசீது இல்லை, ஜிஎஸ்டி இல்லை. வருடத்துக்கு 40 கன்டெய்னர், மொத்தம் 1,80,000.

ஒரு சரக்கில் டாரிஃப் வகைப்பாடு தவறு என்று பிடித்து, வித்தியாசத் தீர்வை, அதற்கு வட்டி, பறிமுதலுக்குப் பதிலான மீட்பு அபராதம் 60,000, தண்டம் 25,000 கட்டியிருக்கிறோம். அது நின்ற நாட்களுக்கு டெமரேஜும் கன்டெய்னர் டிடென்ஷனும் சேர்த்து 1,12,000.

இரண்டு டெலிவரி வண்டிகளுக்கு டிராஃபிக் ஸ்பாட் ஃபைன் 23,500. ஜிஎஸ்டி தாமதக் கட்டணம் 3,200, வட்டி 11,400. இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) காலாவதியாகி வண்டியை நிறுத்தியதில் ஜிஎஸ்டி சட்டத்தின் 129-வது பிரிவுத் தண்டம் 54,000. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) தாமத வட்டி 8,700. ஒரு வாடிக்கையாளர் டெலிவரி தாமதத்துக்காக பில்லில் பிடித்தது 42,000.

தீபாவளிக்கு 60 ஸ்வீட், டிரை ஃப்ரூட் பெட்டி, ஒன்று 1,900 வீதம் 1,14,000. மத்திய பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் ஸ்டோர்ஸ் அதிகாரிகள் இருவருக்கு ஆளுக்கு 2 கிராம் தங்கக் காசு, 32,000.

கடைசியாக ‘ஏரியா செலவு’, மாதம் 3,000 வீதம் 36,000. தெருவில் சரக்கு இறக்கும்போது கொடுப்பது. ரொக்கம், வவுச்சரில் கையெழுத்து இல்லை.

சீனியர் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டச் சொல்கிறார். பார்ட்னரோ, ‘பணம் போனது நிஜம், வியாபாரத்துக்காகத்தான் போனது, அப்புறம் ஏன் கழியாது’ என்கிறார். யார் சொல்வது சரி?


தணிக்கை_மேசை:

இரண்டு பேர் சொல்வதும் முழுதாகச் சரியில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் நியாயமாகக் கழிய வேண்டிய ஒன்றரை லட்சத்துக்கு மேல் வீணாக வரி கட்டுவீர்கள். எதையும் கூட்டாமல் விட்டால் அதைவிட மோசம்.

வியாபாரத்துக்காகச் செய்த செலவைக் கழிக்க விடும் பிரிவுதான் 37(1). அதற்கு விளக்கம் 1 என்று ஒன்று இருக்கிறது. 1998-ம் ஆண்டின் இரண்டாவது நிதிச் சட்டம் அதைச் சேர்த்து, 1962 ஏப்ரல் 1 முதலே அமலில் இருந்ததாக ஆக்கியது. குற்றமான அல்லது சட்டம் தடை செய்த ஒரு நோக்கத்துக்காகச் செய்த செலவை, வியாபாரத்துக்காகச் செய்ததாகவே கருதக்கூடாது என்பது அதன் சாரம். உங்கள் பார்ட்னரின் வாதம் அங்கேயே அடிபடுகிறது. பணம் போனது நிஜம், வியாபாரத்துக்காகத்தான் போனது என்று நிரூபித்தாலும் சட்டம் அப்படிக் கருத மறுக்கிறது.

2022-ல் விளக்கம் 3 வந்தது. வெளிநாட்டுச் சட்டப்படி குற்றமானாலும் கழியாது. வாங்குபவரின் நடத்தை விதிகள் வாங்கக்கூடாது என்று தடுக்கும் எந்தச் சலுகையையும் பரிசையும் கொடுத்தாலும் கழியாது. குற்றத்தைச் சமரசம் செய்து தீர்க்கக் கட்டும் தொகையும் கழியாது. 2024-ல் இன்னொன்று சேர்த்தார்கள்: அறிவிக்கப்பட்ட சில சட்டங்களின் கீழ் நடவடிக்கையை செட்டில்மென்டில் முடிக்கும் செலவு. செபி சட்டம், பங்கு ஒப்பந்தச் சட்டம், டெபாசிட்டரி சட்டம், போட்டிச் சட்டம் ஆகிய நான்கையும் 2025 ஏப்ரலில் அறிவித்திருக்கிறார்கள். அது உங்களுக்குத் தேவைப்படாது.

இனி உங்கள் கணக்கு. லெட்ஜரில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டு, ஒவ்வொரு தொகையிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது சட்டத்தை மீறியதற்கான தண்டனையா, தாமதத்துக்கோ இடத்துக்கோ கொடுக்கும் ஈடா? சட்டத்தில் ‘பெனால்டி’ என்று பெயர் இருந்தாலும் அது எந்தத் தன்மையுடையது என்று பார்க்க வேண்டும், இரண்டும் கலந்திருந்தால் பிரித்து ஈடான பகுதியை அனுமதிக்க வேண்டும் என்று பிரகாஷ் காட்டன் மில்ஸ் வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அந்த அளவுகோலில் டெமரேஜும் டிடென்ஷனும் இடத்துக்கும் பெட்டிக்குமான வாடகை. உங்கள் தவறால்தான் சரக்கு நின்றது என்றாலும் அந்தத் தொகை தண்டனை ஆகாது, 1,12,000-ம் கழியும். வாடிக்கையாளர் பிடித்த 42,000 ஒப்பந்த மீறலுக்கான ஈடு. ஒப்பந்தத்தை மீறுவது சட்டத்தை மீறுவதாகாது, அதுவும் கழியும். ஆர்டரில் தாமதப் பிடித்தம் பற்றிய ஷரத்தும் அவர்கள் அனுப்பிய டெபிட் நோட்டும் ஃபைலில் இருக்கட்டும். வித்தியாசத் தீர்வையைக் கட்டிய வருடத்தில் கொள்முதல் விலையோடு சேருங்கள், அதன் வட்டி ஈடு என்பதால் கழியும். ஜிஎஸ்டி வட்டியும் அப்படியே. ஜிஎஸ்டி தாமதக் கட்டணத்தையும் ஈடாகப் பார்த்துக் கழிப்பதே என் நிலை. வாதத்துக்கு இடமுண்டு, ஆனால் 3,200 ரூபாய்க்குப் பயப்பட ஒன்றுமில்லை.

மீட்பு அபராதமும் தண்டமும் வேறு கதை. சரக்கை விடுவிக்கத்தானே கட்டினோம், அது சரக்கின் விலையில் சேராதா என்று கேட்பார்கள். ஹாஜி அஜீஸ் வழக்கில் இதே வாதம் வைக்கப்பட்டது. பாய்மரப் படகில் மட்டும் அனுமதி இருந்த பேரீச்சம்பழத்தை நீராவிக் கப்பலில் கொண்டுவந்து, பிடிபட்ட சரக்கை மீட்கக் கட்டிய பணம் அது. சட்டத்தை மீறியதற்குக் கட்டுவது வியாபாரச் செலவு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே முடித்துவிட்டது. 85,000-ஐயும் கூட்டுங்கள். அப்பீல் போட்டிருந்தாலும், ‘எதிர்ப்புடன் கட்டியது’ என்று எழுதியிருந்தாலும் இந்த வருடம் கூட்டத்தான் வேண்டும். ஆனால் கூட்டிய தாளைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு அப்பீலில் ஜெயித்துப் பணம் திரும்பி வந்தால், முன்பு கழிக்காத தொகை என்பதால் 41(1)-ல் அது வருமானம் ஆகாது. அதைக் காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் ஆதாரம்.

129-வது பிரிவுத் தண்டம் 54,000 வரியின் இரு மடங்கு. அதில் ஈடு என்று எதுவும் இல்லை, கூட்டுங்கள்.

ஸ்பாட் ஃபைனில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். கோர்ட்டுக்குப் போகவில்லை, தீர்ப்பு இல்லை, அதனால் குற்றம் இல்லை என்று ஒரு வாதம் முன்பு ஓடியது. மோட்டார் வாகனச் சட்டம் 200-வது பிரிவில் சாலையில் கட்டுவது குற்றத்தைச் சமரசம் செய்யும் தொகை. விளக்கம் 3 அந்த வார்த்தையையே போட்டு மூடிவிட்டது. 23,500-ம் கழியாது. பார்க்கிங் கட்டணம், டோல், ஃபாஸ்டேக் தொகை இதே லெட்ஜரில் கலந்திருந்தால் பிரித்தெடுங்கள், அவை கழியும்.

டிடிஎஸ் வட்டி 8,700. வெளியூர் தீர்ப்பாயங்களில் அனுமதித்த உத்தரவுகளை யாராவது காட்டுவார்கள். சென்னை உயர் நீதிமன்றம் சென்னை பிராப்பர்ட்டீஸ் வழக்கில் இந்த டிடிஎஸ் தாமத வட்டியை, அதாவது 201(1ஏ) வட்டியைக் கழிக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் கணக்குக் காட்டுபவருக்கு அதுதான் கட்டுப்படுத்தும்.


துறைமுகம்_600001:

புரோக்கர் பில் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘இதர செலவு’ என்ற வரியைப் பார்த்ததும் லஞ்சம் என்றும் முடிவு கட்டக்கூடாது, சரி என்றும் விடக்கூடாது. அந்த 4,500-க்குள் என்ன இருக்கிறது என்று பிரிக்க வேண்டும்.

ஒழுங்கான புரோக்கர் பில்லில் இரண்டு பகுதிதான் இருக்கும். ஒன்று அவருடைய ஏஜென்சி சார்ஜ், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இன்னொன்று உங்களுக்காக அவர் கட்டிவிட்டுத் திரும்ப வாங்குவது: லைன் (கப்பல் கம்பெனி) கொடுக்கும் டெலிவரி ஆர்டர் கட்டணம், டெர்மினல் ஹேண்டலிங், சிஎஃப்எஸ் (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் வைக்கும் யார்டு) கிரவுண்ட் ரென்ட், எடை மேடை, பரிசோதனைக்குப் பெட்டி திறந்து மூடும் கூலி. திரும்ப வாங்கும் பகுதிக்கு அவர் ஜிஎஸ்டி போடாமல் இருக்க, ஜிஎஸ்டி விதி 33-ன்படி உங்கள் ‘ப்யூர் ஏஜென்ட்’ ஆக இருந்திருக்க வேண்டும். அதாவது மூன்றாமவரின் பில் இருக்க வேண்டும், அதே தொகைதான் உங்களிடம் வாங்க வேண்டும், பில்லில் தனியாகக் காட்ட வேண்டும். ரசீதும் இல்லை, ஜிஎஸ்டியும் இல்லை என்ற வரி இந்த இரண்டு பகுதியிலும் உட்காராது. கேள்வி வருவது அங்கேதான்.

அலுவலக நேரத்துக்கு வெளியே கஸ்டம்ஸ் அதிகாரி வந்து வேலை பார்க்க மெர்ச்சன்ட் ஓவர்டைம் என்று ஒரு கட்டணம் உண்டு. 1998-ல் வந்த தனி விதிகளே இருக்கின்றன. அது அரசாங்கத்துக்குப் போகும் பணம், சலான் இருக்கும், தாராளமாகக் கழியும். சில புரோக்கர்கள் அதையும் சேர்த்துப் பொத்தாம்பொதுவாக ‘இதர செலவு’ என்று போட்டுவிடுவார்கள். அதனால் முதல் வேலையாக 40 பில்லின் ஃபைலையும் வாங்குங்கள். சிஎஃப்எஸ் பில், லைன் பில், சலான் மூன்றையும் பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) எண் வாரியாக அடுக்கி, 4,500-ல் எவ்வளவு காகிதத்தோடு நிற்கிறது என்று பாருங்கள். பரிசோதனை நடந்ததா இல்லையா என்பது பில் ஆஃப் என்ட்ரியிலேயே தெரியும். பரிசோதனையே இல்லாமல் வெளியே வந்த பெட்டிக்கும் ‘எக்ஸாமினேஷன் செலவு’ போட்டிருந்தால் அந்த வரி பொய்.

இன்னொரு அடையாளம்: நிஜமான செலவு பெட்டிக்குப் பெட்டி மாறும். 20 அடிக்கும் 40 அடிக்கும் ஒரே தொகை, மூன்று நாளில் வந்ததற்கும் பதினைந்து நாளில் வந்ததற்கும் ஒரே தொகை என்றால், வருடம் முழுக்க மாறாத அந்த 4,500 செலவு பார்த்து எழுதியது இல்லை. பேசி வைத்த ரேட். வருமான வரி அதிகாரியும் இதையேதான் பார்ப்பார்.


பாரிமுனை_லெட்ஜர்:

ரொம்ப நன்றி. பில்களைப் பிரித்துப் பார்த்தேன். ரசீது எதுவும் இல்லை, 40 பில்லிலும் 4,500-தான். புரோக்கரிடம் கேட்டதற்கு, ‘அடுத்த மாதத்திலிருந்து அதை ஏஜென்சி சார்ஜோடு சேர்த்து ஜிஎஸ்டி போட்டுத் தந்துவிடுகிறேன்’ என்கிறார். அப்படிச் செய்தால் கழியுமா?

‘ஏரியா செலவு’ வாங்குவது அந்தப் பகுதி ஆட்கள். அதிகாரி யாரும் இல்லை. மிரட்டி வாங்குபவன்தானே குற்றவாளி, கொடுக்கும் நாங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லையே?


உயர்நீதிமன்ற_வளாகம்:

உங்கள் இரண்டு கேள்வியும் நல்ல கேள்வி. வருமான வரியை விடப் பெரிய விஷயம் முதல் கேள்வியில் இருக்கிறது, அதனால் அதை முதலில் எடுக்கிறேன்.

2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பது தனிக் குற்றம். 8-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. நேரடியாகக் கொடுத்தாலும் மூன்றாமவர் கை வழியாகக் கொடுத்தாலும் ஒன்றுதான் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 9-வது பிரிவு வணிக நிறுவனத்துக்கு, பார்ட்னர்ஷிப்பும் அதில் அடக்கம். 10-வது பிரிவில், சம்மதித்தோ கண்டும் காணாமலோ இருந்த பார்ட்னர் தனியாக மாட்டுவார், குறைந்தது மூன்று ஆண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் விசாரணை அமைப்பிடம் தெரிவித்தவருக்கு மட்டும் 8-வது பிரிவிலிருந்து விலக்கு. கஸ்டம்ஸ் மத்திய அரசுத் துறை, புகார் சிபிஐயின் சென்னை ஊழல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். மாநகராட்சி, மின்வாரியம், போக்குவரத்து போலீஸ் என்றால் ஆலந்தூரில் தலைமையகம் உள்ள மாநில லஞ்ச ஒழிப்புத் துறை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ‘நாங்கள் தப்பான வேலை செய்யச் சொல்லவில்லை, நியாயமாக நடக்க வேண்டியதைச் சீக்கிரம் நடத்தத்தான் கொடுத்தோம்’ என்பார்கள். 8-வது பிரிவு முறைகேடாகக் கடமையைச் செய்யத் தூண்டுவதைப் பற்றிப் பேசுவதால், குற்ற வழக்கில் அந்த வாதத்தை வைத்துப் பார்க்கலாம். வருமான வரியில் அதற்கு இடமே இல்லை. விளக்கம் 3 கேட்பது, வாங்கியவர் அதை வாங்கலாமா என்பதை மட்டும்தான். எந்த அரசு ஊழியரும் வாங்க முடியாது. அதோடு முடிந்தது.

புரோக்கர் சொல்லும் வழி இதைவிட ஆபத்து. இன்றைக்கு உங்களிடம் இருப்பது ரசீது இல்லாத ஒரு வரி. அதையே ஏஜென்சி சார்ஜ் என்று பெயர் மாற்றி, ஜிஎஸ்டி போட்டு, அந்த ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழிக்கும் வரவும் எடுத்தால், என்னவென்று தெரிந்தே வேறு பெயரில் எழுதிய பில் ஆகிவிடும். சென்னையையே தொட்ட ஓர் உதாரணம் பொதுப் பதிவில் இருக்கிறது. காக்னிசன்ட் வளாகக் கட்டட அனுமதிக்காகத் தமிழ்நாட்டு அதிகாரி ஒருவர் 20 லட்சம் டாலர் கேட்டதாகவும், கட்டுமான ஒப்பந்ததாரர் வழியாகக் கொடுக்க ஏற்பாடு செய்து, அதைக் கூடுதல் வேலை என்ற போலி பில்களில் மறைத்து ஈடுகட்டியதாகவும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2019 பிப்ரவரியில் சொன்னது. குற்றச்சாட்டை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்ற நிலையில் நிறுவனம் 2.5 கோடி டாலர் கட்டி அந்த நடவடிக்கையை முடித்தது. தொகை எவ்வளவு சிறியதானாலும் முறை அதேதான்: இடையில் ஒரு ஆள், அவர் பில்லில் ஒரு வரி.

புரோக்கர் தன் உழைப்புக்கு ரேட்டை உயர்த்துகிறார் என்றால் யாரும் எதுவும் கேட்க முடியாது. ஆனால் எழுத்தில் வாங்குங்கள்: எந்தச் சேவைக்கு எவ்வளவு, எந்த அரசு ஊழியருக்கும் எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்கமாட்டோம் என்று கடிதம். கொடுக்கத் தயங்கினால், அந்த 4,500 எங்கே போனது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் புரோக்கரை மாற்றுவது ஒன்றே வழி.

இரண்டாவது கேள்வி. சட்டப்படி உங்கள் வாதத்தில் சாரம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 308-வது பிரிவில் மிரட்டிப் பறிப்பவன் குற்றவாளி, பறிகொடுத்தவர் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஒரு புகையிலை நிறுவனம் தன் இயக்குநரைக் கடத்தியவர்களுக்குக் கொடுத்த பணத்தை, மீட்புத்தொகை கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்று சொல்லி அந்த உயர் நீதிமன்றம் 2011-ல் அனுமதித்தது, கேம்சந்த் மோதிலால் ஜெயின் வழக்கு. ஆனால் அந்த வழக்கில் கடத்தல் நடந்ததும் போலீசுக்குப் போனதும் பதிவில் இருந்தன. உங்களிடம் வாங்கியவர் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, புகார் இல்லை. அதோடு 1998-ல் விளக்கம் 1 வந்தபோது, பாதுகாப்புப் பணம், மிரட்டல் பணம், ஹப்தா (மாமூல்), லஞ்சம் இவற்றைத் தடுக்கத்தான் என்று மத்திய நேரடி வரி வாரியம் சுற்றறிக்கையிலேயே எழுதியது. 36,000-க்காக அந்த வாதத்தை இழுப்பதில் பொருளில்லை. கூட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும் சரிபாருங்கள்: அந்த 3,000-ல் நிஜமாகவே சரக்கு இறக்கிய சுமைப்பணித் தொழிலாளர்களின் கூலி இருக்கிறதா? இருந்தால் அது அவர்கள் உழைப்புக்கான கூலி, முழுதாகக் கழியும். அதை மிரட்டல் பணத்தோடு ஒரே லெட்ஜரில் போட்டு அவர்கள் கூலியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்காதீர்கள். ஆள் பெயர், தேதி, எத்தனை பெட்டி, கையெழுத்து, இவை இருக்கும் வவுச்சர் போதும்.


சர்ஜிக்கல்_டீலர்_கணக்கு:

பரிசு விஷயத்தில் ஒரு சேர்க்கை. விளக்கம் 3 வரக் காரணமான சண்டையே மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்கள்தான். முக்கியமான தீர்ப்பும் சென்னை நிறுவனத்தின் வழக்கில் வந்தது: அபெக்ஸ் லேபரட்டரீஸ், 2022 பிப்ரவரி 22, நீதிபதிகள் லலித், ரவீந்திர பட். டாக்டர் வாங்குவதைத்தான் மருத்துவக் கவுன்சில் விதி தடுக்கிறது, அந்த விதி கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று வாதிட்டார்கள். வாங்குவது தடை என்றால் கொடுப்பதும் அதே செயலின் மறுபாதி, பிரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 2009 டிசம்பர் 14-ல் அந்தத் தடை வந்த பிறகான செலவை மறுத்ததை உறுதி செய்தது.

மருந்து, சர்ஜிக்கல் வரிசையில் இருப்பவர்கள் 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நடத்தை நெறியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தகவல், கல்வி சார்ந்த பொருள் ஒன்று 1,000 ரூபாய்க்கு மேல் கூடாது. ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு வருடத்தில் 12 சாம்பிள் பேக்குக்கு மேல் கூடாது. சாம்பிள் மொத்த மதிப்பு உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சாம்பிள் கணக்கை டாக்டர் பெயர் வாரியாக வைக்காதவர்கள் ஆய்வில் முழுத் தொகையையும் இழப்பார்கள். எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே என்று அதிகாரியால் பிரிக்க முடியாததே காரணம்.

உங்கள் தங்கக் காசுக்கும் அதே தர்க்கம்தான். பொதுத்துறை அதிகாரிக்கு அவர் நிறுவனத்தின் நடத்தை விதி இருக்கிறது. மாநில அரசு ஊழியர் என்றால் 1973 நடத்தை விதிகள்.


தணிக்கை_மேசை:

மேலே சொன்னது சரி. தங்கக் காசுக்கான 32,000-ஐக் கூட்டுங்கள், அடுத்த தீபாவளியிலிருந்து அந்தப் பட்டியலில் அரசு, பொதுத்துறைப் பெயர் எதுவும் இருக்கக்கூடாது. 60 பெட்டி தனியார் வாடிக்கையாளர்களின் அலுவலகத்துக்குப் போனது என்றால் கழியும். யாருக்கு எந்த நிறுவனத்துக்கு என்ற பட்டியல், கடை பில் இரண்டும் வேண்டும். அவற்றில் ஜிஎஸ்டி வரவு எடுத்திருந்தால் ஜிஎஸ்டி சட்டம் 17(5)-ல் பரிசுப் பொருளுக்கு அது கிடையாது, திருப்புங்கள். ஒரே நிறுவனத்துக்கு வருடத்தில் 20,000 தாண்டினால் வருமான வரிச் சட்டம் 194ஆர்-ல் டிடிஎஸ் பிடித்தம் 10 சதவீதம் வரும். அவர்கள் ஊழியருக்குக் கொடுத்தாலும் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்ததாக எடுத்து அதன் பெயரில் பிடிப்பதுதான் பாதுகாப்பு. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் டாக்டர் விஷயத்தில் 2022-ம் ஆண்டின் 12-வது சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது.

இப்போது கூட்ட வேண்டியது: இதர செலவு 1,80,000, மீட்பு அபராதமும் தண்டமும் 85,000, ஸ்பாட் ஃபைன் 23,500, 129 தண்டம் 54,000, காசு 32,000, டிடிஎஸ் வட்டி 8,700, ஏரியா செலவு 36,000. மொத்தம் 4,19,200. பார்ட்னர்ஷிப்புக்கு 31.2 சதவீதத்தில் கூடுதல் வரி ஏறக்குறைய 1,30,790. வருமானம் ஒரு கோடிக்கு மேல் என்றால் சர்சார்ஜ் தனி.

கூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்ட்னர் கேட்டால் 1,80,000-ஐ மட்டும் வைத்துக் காட்டுங்கள். வரி 56,160. வேறு பெயரில் எழுதியது தெரிந்தால் 270ஏ-வில் தவறாகக் காட்டியதற்கு வரியின் 200 சதவீதம், 1,12,320. இரண்டும் சேர்ந்தே 1,68,480, மாத வட்டி தனி. பணம் எங்கிருந்து வந்தது என்றே காட்ட முடியாத ரொக்கச் செலவு என்றால் 69சி-க்குள் போய் இன்னும் ஏறும். போலி பில் என்று எடுத்தால் 271ஏஏடி-யில் பில் தொகை முழுவதும் தண்டம்.

டாக்ஸ் ஆடிட் அறிக்கையான 3சிடி படிவத்தில் 21(ஏ) பத்தி. இப்போது அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு: சட்ட மீறலுக்கான தண்டமும் அபராதமும், மற்ற தண்டம், குற்றமான அல்லது தடைசெய்த நோக்கத்துக்கான செலவு, சமரசத் தொகை, விதிக்கு எதிரான சலுகை, செட்டில்மென்ட். ஸ்பாட் ஃபைன் சமரசக் கட்டத்தில், தங்கக் காசு சலுகைக் கட்டத்தில், கஸ்டம்ஸ் தொகையும் 129-ம் தண்டக் கட்டத்தில். டிடிஎஸ் வட்டிக்கு 21(ஏ) இடமில்லை, கணக்கீட்டுத் தாளில் நேராகக் கூட்டுங்கள்.

சிக்கல் 1,80,000-ஐ எங்கே எழுதுவது என்பதில். என்ன என்று நிரூபணமாகாத தொகையை ‘தடை செய்த நோக்கத்துக்கான செலவு’ என்று நீங்களாகவே முத்திரை குத்தத் தேவையில்லை. ரசீது இல்லை, சேவை நிரூபணம் இல்லை, அதனால் 37(1)-ன் முதல் நிபந்தனையே நிறைவேறவில்லை. அந்த அடிப்படையில் கூட்டுங்கள். அது உண்மையும்கூட. ஆனால் பார்ட்னருக்கும் புரோக்கருக்கும் நடந்த பேச்சில் அது இன்ன அதிகாரிக்குப் போனது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், தணிக்கையாளரிடம் அதை மறைத்து இந்த வழியைப் பிடிக்காதீர்கள். தெரிந்த பிறகு ஆடிட்டர் வேறு மாதிரி எழுதியாக வேண்டும். கூட்டிவிட்டதால் வரிக் கணக்குத்தான் சரியாகும், ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் இருக்கும் பொறுப்பு அப்படியே இருக்கும். இதைப் பார்ட்னரிடம் நேராகச் சொல்லுங்கள்.

லெட்ஜரை ஏப்ரலிலிருந்தே பிரித்து வைத்தால் செப்டம்பரில் இந்த வேலை வராது. ‘தண்டம், அபராதம் – கழியாதவை’ என்று ஒன்று, ‘சட்டப்படி வட்டி, தாமதக் கட்டணம் – கழிபவை’ என்று ஒன்று, ‘வருமான வரி, டிடிஎஸ் வட்டி’ தனியாக ஒன்று. ‘இதர செலவு’ லெட்ஜரில் வவுச்சர் எண் இல்லாத பதிவு எதுவும் ஏறக்கூடாது. சிறு நிறுவனங்களுக்கு (எம்எஸ்எம்இ) தாமதமாகப் பணம் கொடுத்து வட்டி கட்டியிருந்தால் அதையும் முதல் லெட்ஜரில் போடுங்கள். அது ஈடுதான் என்றாலும் 2006 சட்டத்தின் 23-வது பிரிவு கழிக்கக்கூடாது என்று தனியாகவே சொல்கிறது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வருகிறது. 37(1)-ன் இடத்தில் அங்கே 34-வது பிரிவு. விதி மாறவில்லை, எண்தான் மாறுகிறது. லெட்ஜர் குறிப்புகளில் பிரிவு எண் எழுதும் பழக்கம் இருந்தால் அந்த ஆண்டிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள்.


பாரிமுனை_லெட்ஜர்:

தெளிவாக இருக்கிறது, எல்லோருக்கும் நன்றி. புரோக்கரிடம் கடிதம் கேட்டு இன்று மெயில் போயிருக்கிறது. கூலி வவுச்சர்களைத் தனியாக எடுத்துவிட்டேன். 36,000-ல் 14,400 சுமைப்பணிக் கூலி, பெயரும் தேதியும் மேஸ்திரியின் நோட்டில் இருக்கின்றன. அதைக் கழித்து ஏரியா செலவில் 21,600 மட்டும் கூட்டலாமா?


தணிக்கை_மேசை:

நோட்டின் நகலும், சம்பந்தப்பட்ட ஆட்களிடம் இப்போது வாங்கும் உறுதிக் கையெழுத்தும் சேர்த்தால் கூட்டலாம். பழைய தேதி போட்டு வவுச்சர் எழுத வேண்டாம். இன்றைய தேதியில், ‘மேஸ்திரி நோட்டின் இந்தப் பக்கத்தில் உள்ளபடி பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி வாங்குங்கள். மொத்தம் 4,04,800 ஆகும்.